விமலராணி வாங்கிய துவக்கு

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி. விமலராணி குசினியில் நின்று இரவுச் சாப்பாட்டுக்காகக் கார்ச்சோபி என்ற காய்கறி மொட்டுகளின் முள்முனைகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டுத் திரும்பினாள். நோத்தாயோ கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தலையை நனைத்துச் சீவிக்கொண்டு, கலியாணத்துக்குப் புறப்பட்டவர் போல வாசலில் நின்றார். காலில் மட்டும் வீட்டுச் செருப்பு.

"சிஞோரா, உங்களைக் காக்க வைத்துவிட்டேன். மன்னியுங்கள். வரவேற்பறைக்கு வாருங்கள்."

அவர் அவளை ஒருநாளும் சிஞோரா, அம்மணி, என்று அழைத்ததில்லை. ராணி என்றுதான் கூப்பிடுவார்.

நோத்தாயோ என்றால் நம் ஊரின் நொத்தாரிசு. நாற்பத்தைந்து வருடம் இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்குக் காணி உறுதிகளும் மரண சாசனங்களும் எழுதியவர். பெயர் கல்வாரூசோ. லிபெர்த்தா பகுதியில் மூன்றாம் மாடியில் ஏழு அறை கொண்ட வீடு. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் தொனத்தெல்லா வடக்கே தோரினோவில் பல் வைத்தியர். எண்பத்துநாலு வயதில் அவருக்கு மறதி நோய் வந்திருந்தது. காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார். பின்னேரம் நாலு மணி தாண்டினால் வேறு ஆள்.

விமலராணிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மன்னார்த் தீவில் பேசாலைக்காரி. பத்தொன்பது வருடத்துக்கு முந்தி புருஷன் பிறின்சுக்குப் பின்னால் பலெர்மோ வந்தவள். முதல் மூன்று குளிர்காலம் சியாகுல்லித் தோட்டங்களில் இரண்டு பேரும் மந்தரீனோ தோடம்பழம் பிடுங்கினார்கள். பிறகு பிறின்சுக்கு ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலையும், அவளுக்கு வீடு துடைக்கும் வேலையும் கிடைத்தன. துடைப்பத்திலிருந்து முதியவர்களைப் பார்க்கும் வேலைக்கு வந்தாள். நோத்தாயோ வீட்டில் தங்கி நின்று பார்ப்பது இரண்டாவது வருடம். ஞாயிறு காலை ஒரு தாதி வந்து மாற்றிவிடுவாள். அப்போது பூசைக்குப் போய், அல்பெர்கேரியாவில் இருக்கும் தன் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனாள். பச்சைப் பட்டு நாற்காலியை நோத்தாயோ அவளுக்காகப் பின்னால் இழுத்துப் பிடித்தார். ஒன்றரை வருடமாகத் தூசி தட்டிய நாற்காலி. அதில் அவள் இருந்ததே இல்லை. நுனியில் இருந்தாள்.

"என் விற்பனை விளம்பரத்தைப் பார்த்துத் திராப்பானியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

மேசையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. செத்துப்போன சிஞோராவின் நகைப்பெட்டி என்றுதான் விமலராணி நினைத்தாள். மூடியைத் திறந்தார். கரும்பச்சை வெல்வெட்டுக்குள் ஒரு கைத்துப்பாக்கி படுத்திருந்தது.

மன்னாரில் வளர்ந்தவளுக்குத் துவக்கு புதிதல்ல. ஆனால் அவள் கண்ட துவக்குகள் எல்லாம் கறுப்பாக, கீறல் விழுந்து, யாரோ ஒருவரின் தோளில் தொங்கியவை. அவற்றைக் கண்டால் தலையைக் குனிந்து அடுத்த ஒழுங்கைக்குள் இறங்கிவிடலாம். இது வெள்ளிபோல மின்னியது. உடம்பு முழுக்க இலை கொடி வேலைப்பாடு, ஓரத்தில் பொன்கோடு, வாதுமை மரக் கைப்பிடி. இதற்கு இறங்கி ஓட ஒழுங்கை இல்லை. மூன்றாம் மாடி. கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

"தொழிற்சாலையின் ஆண்டுவிழாவுக்காகச் செய்தது. ஐந்நூறுதான் செய்தார்கள். இது நூற்றுப் பன்னிரண்டாவது. இதோ சான்றிதழ். பாவித்ததுதான், நான் மறைக்க மாட்டேன். பயிற்சிக்களத்தில் இருபது முறை சுட்டிருக்கிறேன், அதற்கு மேல் இல்லை." அதைத் தூக்கி அவளுக்கு இலக்கத்தைக் காட்டினார். அந்தச் சின்னக் கறுப்பு ஓட்டை அவளுடைய கழுத்து, தோள், மறுபடி கழுத்து என்று அலைந்தது. "என்ன சொல்கிறீர்கள்? முடிவு செய்துவிட்டீர்களா?"

முதலில் வந்த சொல்லைச் சொன்னாள். "யோசிக்க வேணும், நோத்தாயோ."

அவர் முகம் மலர்ந்தது. "சரியான பேச்சு. இப்படிப்பட்ட விஷயத்தில் அவசரப்படக் கூடாது. நாளைக்குப் பேசுவோம்."

பெட்டியைக் கொண்டுபோய்த் தன் எழுத்து மேசையின் அடி லாச்சியில் வைத்துப் பூட்டினார். திறப்பு அவருடைய கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்தோடு தொங்கியது. அரை மணித்தியாலத்தில் குசினிக்கு வந்து, "ராணி, இன்றைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

விமலராணி கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, தொனத்தெல்லாவுக்குப் போன் எடுத்தாள்.

"துப்பாக்கியா? அப்பாவின் லைசென்ஸ் முடிந்தபோது எல்லாவற்றையும் ஒப்படைத்தோமே. மூன்று வருடமாயிற்று. ஏதாவது விளையாட்டுச் சாமானாக இருக்கும்."

"விளையாட்டுச் சாமான் இல்லை, டொத்தோரெஸ்ஸா. சான்றிதழும் இருக்குது."

"அப்படியென்றால் அது சட்டவிரோதம். கராபினியேரிப் பொலிசார் வீட்டுக்கு வந்தால் அப்பா மேல் வழக்கு வரும். அந்தக் கட்டடம் முழுக்கப் பார்க்கும். உயிர்த்த ஞாயிறுக்கு நான் வருவேன், அதுவரை நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்."

உயிர்த்த ஞாயிறுக்கு ஏழு கிழமை இருந்தது. படம் எடுப்பது எப்படி? ஆயுதம் பிடித்த மனிதனுக்கு முன்னால் போனைத் தூக்கி நீட்டவா?

மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் கோட்டு, கழுத்துப்பட்டி, நாற்காலி. இந்த முறை அதை அவள் கையில் வைத்தார். "பாரத்தைப் பாருங்கள். கை அதை எப்படி ஏற்கிறது பாருங்கள்." குளிர்ந்த இரும்பு. ஒரு கிலோ இருக்கும். அது தன் உள்ளங்கையில் கிடந்தபோது விமலராணியின் மனதில் ஓடியது சாவுகூட இல்லை, விரல் அடையாளம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன ஒவ்வொரு முறையும் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து அழுத்தியவள் அவள். அந்தப் பத்தும் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், இருக்கின்றன. இப்போது இந்தத் துவக்கிலும் இருக்கின்றன. நாளைக்கு இந்தக் கிழவருக்கு ஏதாவது நடந்தால் யாரைத் தேடி வருவார்கள்?

மேசையில் மெல்ல வைத்துவிட்டு, "நல்ல சாமான். ஆனால் யோசிக்க வேணும்," என்றாள்.

அப்படியே நாட்கள் போயின. இரவில் அவள் தன் அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். பகலில் அவர் இருமினாலும் லாச்சி இழுபடும் சத்தம் கேட்டாலும் பதறினாள். வெள்ளிக்கிழமை காலை அவரைக் குளிப்பாட்டும்போது, "சங்கிலியைக் கழற்றி வைப்பமா, கறுத்துப் போகும்," என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். சவர்க்கார நுரைக்கு நடுவே அவருடைய கை மேலே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எண்பத்துநாலு வயதுக் கை. தன் எலும்பு நொறுங்கும் என்று பயந்தாள். அவளைப் பார்த்த கண்ணில் ராணியும் இல்லை, சிஞோராவும் இல்லை, கள்ளி இருந்தாள். அதன்பின் அந்தத் திறப்பை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை துணிந்து மாற்றிச் சொன்னாள். "நோத்தாயோ, நான் வாங்கவில்லை. எனக்கு வேண்டாம்."

அவர் நின்றபடியே அவளைப் பார்த்தார். "ஏன்? இதில் என்ன குறை? இதை வைத்து யாரையாவது ஏதாவது செய்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்களா? நான் ஒரு நோத்தாயோ! என் வாழ்க்கையில் ஒரு பொய்க் கையெழுத்து இல்லை!" குரல் ஏற ஏற, கையும் ஏறியது. துவக்கு அவள் முகத்துக்கு, சுவரில் மாட்டிய மனைவியின் படத்துக்கு, பிறகு அவருடைய சொந்த நாடிக்குக் கீழே என்று போனது. அவருக்கு அது கையில் இருப்பதே நினைவில்லை. சுட்டுவிரலால் சுட்டிப் பேசுகிறவர் போல அதை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை, இல்லை!" விமலராணி கத்திவிட்டாள். "பிழையாச் சொல்லிப்போட்டன். நல்ல சாமான். நான் இன்னும் யோசிக்கிறன்."

தமிழில்தான் சொன்னாள். ஆனாலும் அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கை மெல்ல இறங்கியது.

அடுத்த நாள் ஞாயிறு, அல்பெர்கேரியாவில் பலாரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள தன் இரண்டறை வீட்டில், மீன்குழம்புக்கு முன்னால் இருந்து அழுதாள். பிறின்சு சாப்பிடுகிறதை நிறுத்திவிட்டான்.

"ஐஞ்சு நாளா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அங்கை ஓடி வந்து நிப்பியள். உங்களைக் கண்டா அந்த மனுசன் என்ன செய்யுதோ."

"இனிப் போகாதை. உடுப்பைக் கூட எடுக்க வேண்டாம். வேலை இஞ்சை ஆயிரம் கிடைக்கும்."

"நான் போகாட்டி வேறை ஒருத்தி வருவாள். அவளுக்குச் சொல்லாமலே விட்டிட்டு வரச் சொல்லுறியளா? இப்ப நிக்கிற தாதிப் பிள்ளைக்கும் ஒண்டும் தெரியாது. பின்னேரத்திலைதானே கிழவன் மாறுறார் எண்டு மனதைத் தேத்திக்கொண்டு வாறன்."

"அப்ப பொலிசுக்குப் போன் அடி."

"ரெண்டு பேர் பொலிஸ் உடுப்போட திடீரெண்டு உள்ளுக்கு வந்தா? அவர் கள்ளன் எண்டு நினைச்சுத் துவக்கைத் தூக்குவார். அவங்களும் தூக்குவாங்கள். நடுவிலை ஆர் நிக்கிறது? நான்தானே."

பிறின்சு யோசித்தான். "வாங்கிறன் எண்டு சொல்லி வாங்கி, கொண்டுபோய்க் கடலுக்குள்ளை எறிஞ்சா?"

"பஸ்ஸிலை துவக்கோட போகச் சொல்லுறியள். ஒரு துண்டுப் பேப்பர் இல்லாமல்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பேப்பர். பத்தொன்பது வருடமாக இந்த நாட்டில் பேப்பர் இல்லாமல் அவள் ஒரு அடி வைத்ததில்லை. துவக்கு வாங்க மட்டும் பேப்பர் வேண்டாமா? வேண்டும், குவெஸ்தூராவின் அனுமதி வேண்டும் என்று ஹோட்டல் காவலாளி ஒருவன் முன்பு சொன்னது பிறின்சுக்கு நினைவிருந்தது. அதை அவளைவிட, பிறின்சைவிட, நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வருடமாக முத்திரை குத்தியவர்.

என்றாலும் துணிவு வர இன்னும் ஐந்து நாள் எடுத்தது. ஒவ்வொரு பின்னேரமும் அந்த நாற்காலியில் இருந்து, சொல்ல நினைத்ததை விழுங்கி, "யோசிக்கிறேன்" என்றே சொல்லிவந்தாள். யோசிப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. ஆகையால் கேள்வி கேட்டாள். வேலைப்பாடு கையால் செய்ததா, பெட்டி அசலா, முதல் சொந்தக்காரர் யார். அவர் ஆறுதலாக, மரியாதையாகப் பதில் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் இந்த ஊரில் எவரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை என்பது ஒருநாள் அவளுக்கே பட்டது. அந்த நினைப்பும் துவக்கைப் பார்த்ததும் பறந்துபோனது.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. மன்னார் மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்துவிட்டு, வேலைக்குக் கட்டும் மேல்துணியைக் கழற்றி, பூசைக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் தானாகவே வரவேற்பறையில் போய் இருந்தாள். நாலு மணிக்கு அவர் பெட்டியோடு வந்தார்.

"முடிவு செய்துவிட்டீர்களா, சிஞோரா?"

"ஓம், நோத்தாயோ. நான் வாங்குகிறேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆனால் நான் வெளிநாட்டுக்காரி. குவெஸ்தூராவின் அனுமதி வரும்வரைக்கும் நான் இதைத் தொடக் கூடாது. நீங்கள் ஒரு நோத்தாயோ. எல்லாம் சட்டப்படி நடக்க வேணும்."

எந்தச் சொல் எங்கே போய்ப் பட்டது என்று தெரியவில்லை, வளைந்திருந்த முதுகு நிமிர்ந்தது. "நிச்சயமாக. வேறு எப்படி?" எழுத்து மேசைக்குப் போய் நல்ல தாளும் மைப்பேனையும் எடுத்துவந்தார். துவக்கைப் பெட்டிக்கு வெளியே எடுத்து, இலக்கம் பார்த்து எழுத வசதியாகத் தன் வலது முழங்கைப் பக்கத்தில் வைத்தார். "என் முன்னிலையில் தோன்றியவர்... உங்கள் முழுப்பெயர்?"

"விமலராணி."

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். பிறந்த இடம்?"

"பேசாலை." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நோய் வந்தபின் குழந்தைபோலக் கிறுக்கிய கை இப்போது கோடு போட்டாற்போல எழுதியது. ஒவ்வொரு வரி முடியும்போதும் முழங்கை பின்னால் வந்து துவக்கில் தட்டியது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, அவளுடைய நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. அவள் நாற்காலியில் ஒரு சாண் நகர்ந்தாள். மறுபடி தட்டியது.

எழுதி முடித்துவிட்டு, "அனுமதி வரும்வரை ஆயுதத்தை அதிகாரிகளிடம் வைப்பில் கொடுக்க வேண்டும். அதுதான் முறை," என்றார். இதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டை அழைக்கும்படி அவரே சொல்ல, இலக்கத்தை அழுத்தித் தொலைபேசியை அவர் காதில் பிடித்தது மட்டுமே அவள் செய்தது. கராபினியேரியின் அவசர இலக்கமும் துவக்கின் இலக்கமும் ஒன்றாகவே இருந்தன. "நான் நோத்தாயோ கல்வாரூசோ. ஒரு விற்பனை தொடர்பாக ஒரு கைத்துப்பாக்கியை வைப்பிலிட விரும்புகிறேன். ஆட்களை அனுப்புங்கள்," என்றார். முகவரியைப் பிழையில்லாமல் சொன்னார். கடைசியில் விமலராணி வாங்கி, "இவருக்கு மறதி நோய். மெதுவாக வாருங்கள்," என்று கிசுகிசுத்தாள்.

அவர்கள் வர நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி இன்றைக்கும் அவள் சரியாகச் சொல்ல மாட்டாள். பத்து நிமிடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்து, "யார் நீங்கள்? இது ஏன் மேசையில் கிடக்கிறது?" என்று துவக்கைத் தூக்கினார். அவள் தாளை அவர் முன்னால் தள்ளினாள். அவர் கண்ணாடியைப் போட்டு, முழுவதும் படித்தார். "உண்மை. இது என் கையெழுத்து," என்று துவக்கை வைத்தார். கொஞ்சநேரத்தில் அதே கேள்வி. அதே தாள். மூன்றாம் முறை கேட்டபோது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறக்கப் போக வேண்டும். அவரையும் துவக்கையும் தனியே விட்டுவிட்டு அந்த நீள நடையில் நடக்க வேண்டும். நடந்தாள். முதுகு முழுக்கக் காது.

ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்திருந்தார்கள். பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "நோத்தாயோ, எங்களை அழைத்தீர்களாம்," என்று உள்ளே வந்தாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். அழைத்தவர்கள்தானே வந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் துவக்கை எடுத்து, சுவர்ப் பக்கம் திருப்பி, ரவைக்கூட்டை உருவினாள். வெறுமை. விமலராணி மூச்சு விட்டாள். பிறகு அந்தப் பெண் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தாள். ஒரு ரவை துள்ளி வந்து பளிங்குத் தரையில் விழுந்து, ஓசையோடு உருண்டு, பச்சை நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

ஆண் அதிகாரி ஓடிவந்து, சாய்ந்த விமலராணியைத் தாங்கினான். பதினொரு நாள். கழுத்து, தோள், முகம், நெஞ்சு. அந்த ரவை பதினொரு நாளும் உள்ளே இருந்திருக்கிறது.

நோத்தாயோ ஒன்றையும் கவனிக்கவில்லை. பற்றுச்சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு, விமலராணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல பொருள் வாங்கியிருக்கிறீர்கள், சிஞோரா."

"நீங்கள் இதைத் தொட்டீர்களா?" என்று அந்தப் பெண் குசினியில் வைத்து விமலராணியைக் கேட்டாள். பொய் சொல்ல நாக்கு எழுந்தது. "இரண்டாம் நாள். அவர் என் கையில் வைத்தார்," என்றாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். "முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" "பயம்," என்றாள் விமலராணி. அதற்கு மேல் இத்தாலியனில் வார்த்தை வரவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு தொனத்தெல்லா போனில் கத்தினாள். ரவை இருந்ததைச் சொன்னதும் கத்தல் நின்றது. மறுநாள் விமானத்தில் வந்து, லாச்சிகளை எல்லாம் தானே திறந்து பார்த்துவிட்டு, குசினிக்குள் வந்து, விமலராணியின் தோளில் தலையை வைத்து அழுதாள். இரண்டு கிழமையில் கராபினியேரி நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்க அழைப்பு வந்தது. பிறின்சு வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனான். விமலராணி பத்து விரலையும் மடக்கிக்கொண்டு இருந்தாள். கால் மணித்தியாலத்தில் அனுப்பிவிட்டார்கள். நோய்க்காரர் என்று நோத்தாயோ மேலும் வழக்கு ஒன்றும் வரவில்லை. வைகாசியில் தொனத்தெல்லா தகப்பனைத் தன்னோடு தோரினோவுக்குக் கொண்டுபோனாள். விமலராணிக்கு வேலை போனது.

சாமான் ஏற்றி நோத்தாயோ வீட்டைப் பூட்டிய பிறகும் பயம் அவளை விட்டுப் போகவில்லை. பலாரோவில் மீன்காரன் ஐஸ் பெட்டி மூடியை அடித்தால் குனிந்துவிடுவாள். பிறின்சு லாச்சி இழுத்தால், "மெல்லமாப் பாருங்கோ," என்பாள். கோடை முழுவதும் வேலைக்குப் போகாமல் இருந்தாள்.

புரட்டாசியில் ஒரு வேலை வந்தது. அதுவும் லிபெர்த்தா பக்கம்தான், வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு நீதவானும் மனைவியும். அந்தச் சிஞோரா அறைகளைக் காட்டி, நேரத்தையும் சம்பளத்தையும் சொல்லி, "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்றார்.

"இந்த வீட்டில் துவக்கு இருக்குதா?"

சிஞோரா சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். விமலராணி சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், வாசற்படிப் பக்கமாகவே போய் நின்றாள். சிஞோராவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டார். மனிதர் வந்து கேள்வியைக் கேட்டுவிட்டு, கோபிக்காமல், ஒருபோதும் இருந்ததில்லை என்று சொன்னார். விரும்பினால் எல்லா அலமாரியையும் திறந்து பார்க்கலாம் என்றார்.

விமலராணி திறந்து பார்த்தாள். ஒன்று விடாமல், பரணில் இருந்த தொப்பிப் பெட்டிகள் வரைக்கும். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பிறகுதான் கைப்பையை இறக்கி வைத்தாள்.